கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரைப் படிப்பது எப்படி?

கண் பரிசோதனை முடிந்து கையில் தரும் சீட்டை அப்படியே கடையில் நீட்டிவிடாதீர்கள். முதலில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, வலது கண்ணுக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஸ்பியர் −2.00, சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் 180, ஆட் +1.50.

1. எந்தக் கண்? ஆர் அல்லது ஓ.டி. என்றால் வலது, எல் அல்லது ஓ.எஸ். என்றால் இடது.

2. ஸ்பியர். இதுதான் முக்கியமான எண். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கும். பிளஸ் என்றால் தூரப்பார்வை. குறியை மாற்றி எழுதிவிட்டால் கண்ணாடியே வீண், அதனால் அதை இரண்டு முறை பாருங்கள்.

எண்ணின் அலகு டயாப்டர். மைனஸ் பவராக இருந்தால் 100-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். 100 ÷ 2 = 50. கண்ணாடி இல்லாமல் சுமார் 50 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரியும், அதற்கு அப்பால் மங்கல். நாளிதழைக் கண்ணருகே பிடித்து மெல்ல விலக்கினால் எழுத்து எங்கே கலங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

3. சிலிண்டரும் ஆக்சிஸும். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாதபோது வருவது சிலிண்டர் பவர். அதை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்வது ஆக்சிஸ். 180 என்பது கோணம்தான், பெரிய எண்ணாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

4. ஆட். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர். தூரப் பவரோடு கூட்டுங்கள்: −2.00 + 1.50 = −0.50. படிப்பதற்குத் தேவைப்படும் பவர் அவ்வளவுதான். மைனஸ் பவர்க்காரர்கள் வயதானபின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பது இதனால்தான்.

பிள்ளைகளுக்குப் பவரைக் குறைத்துப் போடச் சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்ணாடி போடுவதால் பவர் ஏறுவதில்லை; வளரும் வயதில் கண்பந்து நீள்வதால்தான் பெரும்பாலும் ஏறுகிறது.

5. புதுக் கண்ணாடியைச் சோதிப்பது. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகக் கதவு நிலையைப் பார்த்தபடி பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். பிம்பம் லென்ஸோடு சேர்ந்து நகர்ந்தால் மைனஸ், எதிர்த்திசையில் நகர்ந்தால் பிளஸ். அப்புறம் லென்ஸைச் சுழற்றுங்கள். சிலிண்டர் இருந்தால் நிலையின் நேர்கோடு சாயும். 0.25 போன்ற சின்ன அளவில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சீட்டில் −2.00 சிலிண்டர் இருந்தும் கோடு அசையவே இல்லை என்றால், கடையிலேயே லென்சோமீட்டரில், அதாவது லென்ஸின் பவரை அளக்கும் கருவியில், வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.