சத்தமில்லாத கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

சுங்கை சிப்புட்டில், தகரக் கூரை வீட்டில், தம்பியின் ரெடிமேட் கணினிக்கு கார்டு தேடியபோது தெரிந்துகொண்டது இது. முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். தம்பியுடையதில் 240 வாட். கார்டுக்கென்று தனி மின்வயரும் இல்லை. அப்படியானால் மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமான ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் சரி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டை வாங்குவதாக இருந்தால் 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி மெமரி கார்டு வகையைக் கேளுங்கள், 8 ஜிபி கார்டுக்குத் தனி வயர் வேண்டும். சத்தம் குறைய, பெட்டியில் இடமிருந்தால் இரண்டு விசிறி உள்ளதையே எடுங்கள். வேலையில்லாதபோது விசிறி தானாக நின்றுவிடும் வகை கிடைத்தால் விடாதீர்கள், இரவில் அந்த அமைதி அவ்வளவு சுகம். ஒல்லியான பெட்டிக்கு லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டு. அப்புறம், உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு கார்டு வாங்க ஈப்போவுக்கு பஸ் ஏறுங்கள்.