வியாபாரப் புத்தகம் படிப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரில் நாலு சிஎன்சி மிஷின் (கணினி சொல்கிறபடி இரும்பைக் கடையும் எந்திரம்) போட்டு, பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் எடுப்பவரும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துபவரும் ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சரக்கைத் தேக்காதே, வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வரவழை" என்கிறது புத்தகம். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை அது.

ஓசூர்க்காரர் இதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். வாங்கும் ஆலை ஷெட்யூல் அனுப்புகிறது, பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது, இரும்பு ராடு கேட்டால் சீக்கிரம் வந்து இறங்குகிறது. மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கினால் துருப்பிடிப்பது இரும்போடு சேர்த்து அவர் பணமும்தான். மாங்கூழ்க்காரர் இதையே செய்தால் ஆலையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பெங்களூரா எனப்படும் தோத்தாபுரிக் காய் வரத்து கோடையில் சில வாரங்களுக்குத்தான். அதற்குள் வாங்கி, அரைத்து, டின்னிலும் டிரம்மிலும் அடைத்து, மீதி வருஷம் முழுக்க விற்க வேண்டும். அவருக்குத் தேக்கி வைப்பதே தொழில். புளி வியாபாரிக்கும் அப்படித்தான்: உலுக்கும் பருவத்தில் வாங்கி, குளிர்பதனக் கிடங்கில் வைத்து, விலை பார்த்து விற்கிறார்.

நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான். புத்தகத்தின் முடிவை எடுத்துக்கொள்கிறார்கள், அது எந்த நிலைமையில் பலித்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஒரு பாடத்தை நோட்டில் குறிக்கும்போது அதன் கீழே நாலு எண்களையும் எழுதுங்கள். சரக்கு வர எத்தனை நாள், விற்க எத்தனை நாள், விற்ற பணம் கைக்கு வர எத்தனை நாள், போட்ட பணத்துக்கு வட்டி எவ்வளவு. ஆசிரியர் பேசும் தொழிலுக்கு ஒரு வரிசை, உங்கள் தொழிலுக்கு ஒரு வரிசை. இரண்டும் எங்கே விலகுகிறதோ அங்கேதான் பாடம் உங்களுக்குப் பொய்க்கும்.

இந்த நாலில் அதிகம் ஏமாற்றுவது வட்டி. "அடுத்தவர் பணத்தில் சொத்து சேர்" என்று எழுதும் அமெரிக்க ஆசிரியர் மனதில் இருப்பது 30 வருஷத்துக்கு மாறாத வட்டியில் கிடைக்கும் வீட்டுக் கடன். நம் ஊரில் அதைப் படித்துவிட்டு 'ரெண்டு வட்டி'க்கு வாங்கப் போகிறார்கள். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். வட்டியைக் கட்டாமல் முதலோடு சேரவிட்டால் மூன்றே வருஷத்தில் கடன் இரட்டிப்பாகும்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 பிடித்துக்கொண்டு, 9,000 கையில் தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே, பத்து சதவீதம்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், சராசரியாக உங்கள் கையில் நிற்பது 4,500 ரூபாய்தான். அந்த 4,500-க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. வருஷக் கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டி வரும். அந்த வட்டிக்கு மேல் சம்பாதிக்கும் சொத்து எது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

அடுத்தது சதவீதம். மொழிபெயர்ப்பில் 'மார்ஜின்', 'மார்க்அப்' இரண்டுமே பல இடங்களில் 'லாப சதவீதம்' என்றே வந்துவிடுகிறது. முதலாவது விற்பனை விலையின் மேல் போடும் கணக்கு. இரண்டாவது வாங்கிய விலையின் மேல். 30 சதவீத மார்ஜின் வேண்டும் என்று படித்தவர், 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளில் 30 ரூபாய் ஏற்றி 130-க்கு விற்கிறார். 130-ல் 30 என்பது 23 சதவீதம்தான். 30 சதவீத மார்ஜின் நிற்க வேண்டுமானால் 100-ஐ 0.70-ஆல் வகுக்க வேண்டும். விலை 143 ரூபாய்.

ஒரு லட்ச ரூபாய் விற்பனையில் 30,000 நிற்கும் என்று நினைத்திருப்பார், நிற்பது ஏறக்குறைய 23,000. பண்டிகைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி வேறு கொடுத்தால் 130 ரூபாய்ப் பொருள் 117-க்குப் போகும். முப்பதாக இருந்த லாபம் பதினேழாகும். தள்ளுபடி பத்துதான், லாபத்தில் போனது நூற்றுக்கு நாற்பத்து மூன்று. இந்த இரண்டு கணக்கையும் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் விலை நிர்ணயம் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டாதீர்கள்.

'சொத்து' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். உங்கள் பையில் பணம் போடுவதுதான் சொத்து, குடியிருக்கும் வீடு சொத்தே இல்லை என்று சில புத்தகங்கள் சொல்லும். மனதைத் திருத்த நல்ல சொல். ஆனால் வங்கியில் கொடுக்கும் பேலன்ஸ் ஷீட்டில் வீடு சொத்துப் பக்கம்தான் வரும், அதன் கடன் எதிர்ப்பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆடிட்டரோடு வாதிடுவது வீண்.

ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தும் புத்தகங்களைத் தேதி பார்த்துப் படியுங்கள். ஜிம் காலின்ஸ் 2001-ல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' மகத்தான நிறுவனங்களாகப் பதினொன்றைக் காட்டியது. அதில் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடைத் தொடர் 2008-ல் திவால் மனு போட்டது. பட்டியலில் இருந்த இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக் கடன் நிறுவனம் அதே வருஷம் அமெரிக்க அரசின் பொறுப்புக்குப் போனது. புத்தகத்தைத் தூக்கிப் போட இது காரணமில்லை. "இதைச் செய்தார்கள், அதனால் ஜெயித்தார்கள்" என்ற வாக்கியம் வரும்போதெல்லாம், இதையே செய்து தோற்றவர்கள் எத்தனை பேர் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட இது போதும். அந்தப் பட்டியல் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்: பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் விலை ஏறிய வருஷம் தக்காளி போட்டவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்; அதைப் பார்த்து அடுத்த பட்டம் போட்டு, பறிகூலிக்கும் கட்டாமல் விட்டவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

வாங்கும் முன் உள் அட்டைக்கு அடுத்த பதிப்புப் பக்கத்தைப் புரட்டுங்கள். பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' முதலில் வந்தது 1949-ல். அவர் கடைசியாகத் திருத்தியது 1973-ல். விலைக்கும் மதிப்புக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி விடச் சொல்வது இன்றும் செல்லும். பூ விட்ட நேரத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுபவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பத்து டன் வரும் என்று கண் சொன்னால் ஏழு டன்னுக்கு விலை பேசுங்கள். மழையும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதே புத்தகத்தின் கடன்பத்திர விகிதங்களும் வரி விவரங்களும் அவர் நாட்டுக்கும் அவர் காலத்துக்கும் உரியவை.

தலைமைப் புத்தகங்களில் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், வேலைத் திறமையில் கடைசிப் பத்து சதவீதத்தினரை வெளியேற்றச் சொன்னார். எட்டுப் பேர் பட்டறையில் பத்து சதவீதம் என்பது ஒரு முழு ஆள்கூட இல்லை. அந்த எட்டில் மிஷின் செட்டிங் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். அவர் போனால் ஆர்டரும் போகும்.

வெளிநாட்டுப் புத்தகம் சொல்லவே சொல்லாத விஷயங்களும் உண்டு. பாக்கி வசூலைப் பற்றி அது பேசிப் பார்க்கும் உத்திகளைத் தரும். இங்கே 2006-ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டமே இருக்கிறது. உதயம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் அரசுடையது இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வட்டிப் பாதுகாப்பு வராது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லில் உதயம் எண்ணை அச்சிடுவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.

கடைசியாக, வேகம். தருமபுரி புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்குவதில் தப்பில்லை, பத்தையும் ஒரே மாதத்தில் கடையில் புகுத்துவதுதான் தப்பு. பதினைந்து நிமிட யூடியூப் சுருக்கம் இதற்கு இன்னும் தூண்டிவிடும். அதில் முடிவு மட்டும் இருக்கும், நிலைமை இருக்காது. ஒரு பாடம், ஒரு பொருள், 90 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையை மாற்றுவதாக இருந்தால் ஒரே ஒரு சரக்கில் மாற்றுங்கள். மாற்றும் முன் மூன்று மாத விற்பனையையும் நின்ற லாபத்தையும் நோட்டின் இடப்பக்கம் எழுதுங்கள். 90-ஆம் நாள் வலப்பக்கம் எழுதுங்கள். நடுவில் தீபாவளியோ மாங்காய் சீசனோ வந்திருந்தால், போன வருஷம் அதே மாதங்களின் கணக்கை எடுத்து இடப்பக்கத்தில் மாற்றி எழுதுங்கள்.