பாயிண்ட் டூ டூ ரைஃபிள் குழலைத் துடைக்க எதை வாங்குவது?

என்.சி.சி.யில் ரைஃபிள் துடைத்தவர்களுக்கு இரண்டு பொருள் மறக்கவே மறக்காது: புல்த்ரூவும் சிந்தியும். புல்த்ரூ என்றால் ஒரு முனையில் பித்தளை எடையும் மறுமுனையில் துணி மாட்டும் கண்ணியும் உள்ள, குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு. சிந்தி என்றால் துணிக்கிழிசல், அவ்வளவுதான். துடைக்க 4க்கு 2 அங்குலம், எண்ணெய் போட 4க்கு ஒன்றரை என்று உஸ்தாத் (பயிற்சியாளர்) சொன்னது பெரிய ரைஃபிளுக்கான அளவு. அதையே மனதில் வைத்துக்கொண்டு பல வருடம் கழித்து என் சொந்த .22 ரைஃபிளுக்குத் துணி வெட்டினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்து .22 டார்கெட் ரைஃபிள் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் தோட்டாவில் இருப்பது மெழுகோ கிரீஸோ பூசிய வெறும் ஈயம். அது குழலை எளிதில் தேய்த்துவிடாது. துடைக்கிறேன் பேர்வழி என்று நாம்தான் தேய்த்துவிடுகிறோம். அதனால் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், இது குழலுக்குள் எங்கே உரசும் என்று முதலில் பாருங்கள்.

1. அளவு எடுங்கள்

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மேகசின் (தோட்டாப் பெட்டி) இருந்தால் அதையும், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டையும் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ரிசீவரின் (போல்ட் உட்காரும் உலோகக் கூட்டின்) பின்முனையிலிருந்து குழல் வாய் வரை, அதாவது குண்டு வெளியேறும் முனை வரை, டேப் வைத்து அளந்து, கூட ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான ராடின், அதாவது துடைக்கும் கம்பியின், நீளம் அதுதான். குழலின் உள்விட்டம் சுமார் 5.6 மி.மீ. ஆகவே .22க்கு என்று விற்கும் ராடு 5 மி.மீ. கனத்தில் இருக்கும். .177 ஏர் ரைஃபிளுக்கு இது நுழையாது. அதற்கு மெல்லிய ராடு தனி.

2. காசை ராடில் போடுங்கள்

கடையில் முதலில் கண்ணில் படுவது மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடு. பெட்டியோடு, பிரஷ்களோடு, பார்க்க அழகாக இருக்கும். நானும் அதைத்தான் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் படி தட்டியது. அந்தப் படி ஒவ்வொரு முறையும் குழலுக்குள் உரசிக்கொண்டு போயிருக்கிறது. அலுமினியம் மெத்தென்ற உலோகம் என்பதால் மணலும் கரியும் அதில் பதிந்துகொள்ளும். அப்புறம் அது ராடு இல்லை, உப்புத்தாள்.

ஒரே துண்டாக உள்ள, பிளாஸ்டிக் பூசிய எஃகு ராடு அல்லது கார்பன் ஃபைபர் ராடு வாங்குங்கள். கைப்பிடியில் பேரிங் இருக்க வேண்டும். குழலின் உட்புறம் சுழல் வரிகளாக வெட்டப்பட்டிருக்கிறது; .22ல் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிரஷ் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சுழல வேண்டுமானால் ராடும் சேர்ந்து சுழல வேண்டும். கடையிலேயே கைப்பிடியைப் பிடித்து ராடைச் சுண்டிப் பாருங்கள். தானே சுழலவில்லை என்றால் வேண்டாம். முனையின் மரை என்ன அளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மரை சேராத பிரஷ் வீட்டில் சும்மா கிடக்கும்.

3. போர் கைடு

‘போர்’ என்றால் குழலின் உள்துளை. போல்ட் இருந்த இடத்தில் செருகும் பிளாஸ்டிக் குழாய் இது. ராடு வளையாமல் நேராகப் போக வழிகாட்டும். பலர் இதை வாங்குவதில்லை. நான் வாங்கச் சொல்வேன்.

4. ஜாக், துணி, பிரஷ்

ஜாக் என்பது துணியின் நடுவைக் குத்தித் தள்ளும் பித்தளை முனை. குழல் வாயைத் தாண்டியதும் துணி தானே விழுந்துவிடும். அழுக்கு திரும்பி உள்ளே வராது. .22 தோட்டாவின் பிரைமரில் (அடித்ததும் பற்றும் மருந்தில்) கண்ணாடித்தூள் கலப்பதுண்டு என்பதால் இது முக்கியம்.

துணிக்குப் பழைய பருத்தி பனியனே போதும். ஏறக்குறைய ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு ஒரே சீராகப் போனால் சரி. இங்கேதான் நான் சிந்திக் கணக்கில் பெரிதாக வெட்டி, பாதிக் குழலில் இறுகிப்போய், முன்னும் போகாமல் பின்னும் வராமல் வியர்த்தேன். சுத்தியலைத் தேடிய என்னைக் கிளப்பில் ஒரு மூத்தவர் தடுத்தார். எண்ணெய் விட்டு ஊறவைத்து, பொறுமையாக அவரே எடுத்துக்கொடுத்தார்.

பிரஷ் நைலானில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று. வெண்கலம் சேம்பருக்குச் சற்று முன்னால் படியும் கெட்டிக் கரிக்கு மட்டும், எப்போதாவது. குழலின் நடுவில் அதைத் திருப்பி இழுக்காதீர்கள். எஃகு பிரஷ் வேண்டவே வேண்டாம். ஏர் ரைஃபிளுக்கு எந்த உலோக பிரஷும் வேண்டாம். கம்பளி உருண்டைகள் போதும்.

5. திரவம்

கரி, ஈயம் கரைக்கும் சாதாரண சால்வென்ட் ஒன்று, துப்பாக்கி எண்ணெய் ஒன்று. அம்மோனியா நெடியடிக்கும் செம்பு கரைப்பான் செம்புறை போட்ட பெரிய தோட்டாக்களுக்கானது. வெறும் ஈயம் சுடுகிறவருக்கு அது வீண் செலவு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள்.

புல்த்ரூவைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். பின்பக்கமிருந்து ராடு நுழைக்க வழியில்லாத அரைத் தானியங்கி .22களுக்கு அதுதான் வசதி. ஆனால் கயிற்றைச் சாய்வாக இழுத்தால் குழல் வாயின் ஒரு ஓரம் அறுபடும். பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்குக் ‘கயிற்றுத் தேய்மானம்’ என்று தனிப்பெயரே உண்டு. வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அந்தப் பக்கமாக முந்தி, குண்டின் அடியைத் தள்ளிவிடும். குழல் எவ்வளவு பளபளத்தாலும் இலக்கில் குறி சிதறும். ஆகவே நேராக இழுங்கள். கயிற்றை அவ்வப்போது துவைத்து நன்றாகக் காயவையுங்கள்.

6. முதல் தடவை

ரைஃபிளை வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்து, போர் கைடைச் செருகுங்கள். சால்வென்ட் நனைத்த துணி ஒன்றைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, துணி வெளுப்பாக வரும்வரை உலர்ந்த துணிகள். ஒவ்வொரு முறையும் ராடைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த துணி. கடைசியாக ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணி. சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில் இதை விடவே கூடாது. பஞ்சு வைத்த பெட்டியிலேயே மூடி வைத்தால் ஈரம் பிடிக்கும். அடுத்த முறை ரேஞ்சுக்குப் போனதும் உலர்ந்த துணி ஒன்றால் அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். அப்படியும் முதல் சில குண்டுகள் கொஞ்சம் விலகித்தான் விழும். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.