மாடித் தக்காளி கற்றுக்கொடுத்தது

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் அம்மா 12 பைகளில் தக்காளி வளர்க்கிறார். போன மே மாதம் இலைகள் சுருண்டு மஞ்சளாகின. இலைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல நான் பயிற்சி கொடுத்து வைத்திருந்த செயற்கை நுண்ணறிவு மாடலிடம் போன் படத்தைக் காட்டினேன். பின்பருவ இலைக்கருகல் என்றது. அந்த நோய்க்குக் குளிரும் ஈரமும் வேண்டும், சென்னை மே வெயிலில் எப்படி வரும்? இலையைத் திருப்பிப் பார்த்த அம்மா, “வெள்ளை ஈ மொய்க்குது பாருடா, இது இலைச்சுருள் நோய்” என்றார். அந்த நோயைத் தரும் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈதான்.

கோளாறு நான் பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் இருந்தது. அவை பிளான்ட்வில்லேஜ் என்ற பொது இலைப் படத் தொகுப்பிலிருந்து வந்தவை. அதில் 54,306 படங்கள், பயிரும் நோயும் சேர்த்துப் பிரித்த 38 வகைகள். பெரும்பாலும் பறித்த ஒற்றை இலை, ஒரே நிறப் பின்னணி. 2016இல் வந்த ஆய்விலேயே அந்தத் தொகுப்புக்குள் 99.35 சதவீதம் சரியாகச் சொன்ன மாடல், வெளிப் படங்களில் சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கியது. இதை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. ஒரே இலையின் வெவ்வேறு படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தன. மாடலுக்கு அது பார்த்த இலையையே திரும்பக் காட்டிச் சோதித்திருக்கிறேன்!

சரி என்று மாடியிலேயே காலை, மதியம், மாலை வெளிச்சத்தில் படம் எடுத்தேன். சிமென்ட் தரை, பை, கை எல்லாம் பின்னணியில் தெரியட்டும் என்று விட்டேன். ஒரு செடியின் படங்கள் முழுவதும் பயிற்சி, சோதனை இரண்டில் ஒரே பக்கம் போகும்படி பிரித்தேன். அப்புறம், தன் பதிலில் மாடலுக்கு இருக்கும் நம்பிக்கை அளவு குறைந்தால் நோயின் பெயரைச் சொல்லாமல் “இலையின் அடிப்பக்கத்தைக் காட்டு” என்று கேட்கவைத்தேன். இப்போது இலைச்சுருளை இலைச்சுருள் என்றே சொல்கிறது.