அமெரிக்கக் கல்லூரியில் ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி: தேர்வு செய்வதும் சேர்வதும்

ஃபிரட்டர்னிட்டி என்பது பொதுவாக ஆண் மாணவர்களின் சகோதரச் சங்கம், சொராரிட்டி மாணவிகளுடையது. பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளால் ஆன பெயர்தான் இவற்றுக்கு. அந்தப் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. ஒரே பெயரில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கலாம். கல்லூரிக்குக் கல்லூரி இருக்கும் அந்தக் கிளைக்குச் சாப்டர் என்று பெயர். ஓர் ஊரில் படிப்பும் ஒழுங்குமாக இருக்கும் சாப்டர், அடுத்த மாநிலத்தில் அதே பெயரில் குடியாலும் அடிதடியாலும் முடக்கப்பட்டிருக்கும். நீங்கள் பழகப்போவது தேசியத் தலைமையகத்தோடு இல்லை. அந்தச் சாப்டரில் இருக்கும் நாற்பது பேரோ, நூற்றைம்பது பேரோ, அவர்களோடு.

சேருவதற்கு முன் வகை தெரிய வேண்டும், ஏனென்றால் வகைக்கு வகை நடைமுறை வேறு. பெண்களுக்கான 26 பெரிய சொராரிட்டிகள் 1902-இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸின் கீழ் வருகின்றன. ஆண்களின் ஃபிரட்டர்னிட்டிகள் பலவற்றுக்கு 1909-இல் தொடங்கிய நார்த் அமெரிக்கன் இன்டர்ஃபிரட்டர்னிட்டி கான்ஃபரன்ஸ் பொது அமைப்பு. கறுப்பின மாணவர்கள் வளர்த்தெடுத்த ஒன்பது அமைப்புகள், 'டிவைன் நைன்' என்று அழைக்கப்படுபவை, 1930-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சிலைச் சேர்ந்தவை. முதல் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இவை தவிர தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவையும் உண்டு: பெர்க்லியில் 1992-இல் பிறந்த டெல்டா ஃபை பீட்டா சொராரிட்டி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-இல் பிறந்த சிக்மா பீட்டா ரோ ஃபிரட்டர்னிட்டி போன்றவை. வீட்டுச் சாப்பாட்டையும் பெற்றோரின் கண்டிப்பையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத நட்பு வேண்டும் என்பவர்கள் இவற்றை முதலில் பார்க்கலாம்.

சேர்வதற்கு முன் தேட வேண்டியவை

கல்லூரி இணையதளத்தில் ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி விவகார அலுவலகத்தின் பக்கத்தைத் திறங்கள். அங்கீகாரம் பெற்ற சாப்டர்களின் பட்டியல் அங்கே இருக்கும். பட்டியலில் இல்லாத பெயரில் யாராவது உங்களைக் கூப்பிட்டால், அது பெரும்பாலும் அங்கீகாரம் பறிக்கப்பட்டும் வெளியே வீடு எடுத்து ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். அவர்களுக்குக் கல்லூரியின் மேற்பார்வை கிடையாது, பெரும்பாலும் காப்பீடும் இருக்காது. தடபுடலாக விருந்து வைப்பார்கள், போகாதீர்கள்.

அதே பக்கத்தில் பல கல்லூரிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் சாப்டர்வாரியாக மதிப்பெண் சராசரியை வெளியிடுகின்றன. கல்லூரியின் பொதுச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அடுத்து ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியல். ராகிங்கை அங்கே ஹேசிங் என்பார்கள். 2024 டிசம்பரில் சட்டமான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட்டின்படி, ஹேசிங் விதியை மீறியதாக உறுதியான அமைப்புகளின் பெயரையும் நடந்த மீறலையும் கல்லூரிகள் வெளிப்படையாக அறிக்கையாகத் தர வேண்டும். இந்த இரண்டையும் படிக்க அரை மணி நேரம் போதும். ஒரு வாரம் விருந்துகளுக்குப் போய் அறிவதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

பணம்

மாதச் சந்தா எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். முதல் பருவத்தில் புதுமுகக் கட்டணம், தீட்சைக் கட்டணம் (தீட்சை என்பது முழு உறுப்பினராக்கும் சடங்கு), பேட்ஜ் விலை எல்லாம் சேர்ந்து வரும். அதனால் முதல் பில் எப்போதும் கனமானது. சாப்டருக்குச் சொந்த வீடு இருந்தால், அங்கே தங்காதவர்களும் வீட்டுப் பராமரிப்புக்கும் சில வேளைச் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ வீட்டில் தங்கியே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் உண்டு. நீங்கள் வேறு அறைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்ட பிறகு இது தெரிந்தால் இரண்டு வாடகை. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு, தவணை உண்டா, பாதியில் விலகினால் எதுவரை கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டி-சர்ட்டு, நடன விருந்து, பரிசுப்பொருள் ஆகியவை எந்தத் தாளிலும் வராது. அவற்றை இரண்டாம் ஆண்டு உறுப்பினர் ஒருவரிடம் தனியாகக் கேட்பதே வழி.

சொராரிட்டி: சுற்றுகளும் கையெழுத்தும்

பெரிய கல்லூரிகளில் வகுப்பு தொடங்குவதற்கு முன்போ, தொடங்கிய சில வாரங்களிலோ ஆள்சேர்ப்பு நடக்கும். சில கல்லூரிகள் ஜனவரிக்குத் தள்ளிவைக்கின்றன. பதிவுக்குக் கடைசித் தேதி கோடை விடுமுறையிலேயே முடிந்துவிடலாம் என்பதால் சேர்க்கை உறுதியானதும் பார்த்துவிடுங்கள்.

முதல் சுற்றில் எல்லாச் சாப்டர் வீடுகளுக்கும் போக வேண்டும். வாசலில் வரிசையாக நிற்பீர்கள். கதவு திறந்ததும் உள்ளே பாட்டும் கைதட்டலும். ஓர் உறுப்பினர் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்துப் போய்ப் பேசுவார். ஏழெட்டு நிமிடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார். முதலாமவர் உங்களை அவரிடம் அறிமுகப்படுத்திவிட்டு விலகுவார். இப்படி இருபது, முப்பது நிமிடத்துக்குள் மூன்று நான்கு பேர். நீங்கள் சலிப்பூட்டியதால் அவர் போகவில்லை, முறையே அதுதான். அடுத்தடுத்த சுற்றுகளில் தொண்டுப் பணி, சகோதரித்துவம் என்று பேச்சு ஆழமாகும், வீடுகள் குறையும்.

ஆண் நண்பர்கள், மது, மதம், அரசியல், பணம் ஆகிய ஐந்தும் அந்த அறையில் பேசாப் பொருள். பேச வேண்டியது வேறு: "போன செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்டரின் அன்றாட வாழ்க்கை அந்தப் பதிலில் இருக்கும். "சகோதரித்துவம் என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும்.

முதல் நாளே சில பெரிய வீடுகள் உங்களை விட்டுவிட்டால் மனம் உடைய வேண்டாம். இதில் கணக்கு இருக்கிறது. அழைத்தவர்கள் எல்லாரும் திரும்பி வரும் பேர்பெற்ற சாப்டர்கள், முதல் சுற்றிலேயே அதிகம் பேரை விடுவித்தாக வேண்டும் என்று விதி. கடைசியில் எல்லாருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தாயோ அக்காவோ உறுப்பினராக இருந்தவர்களுக்குத் தந்த முன்னுரிமையையும் பல சொராரிட்டிகள் அண்மை ஆண்டுகளில் கைவிட்டுவிட்டன. குடும்பத்தில் முதல் ஆளாகப் போகிறவருக்கு இது நல்ல செய்தி.

கடைசிச் சுற்று அமைதியானது. இரண்டோ மூன்றோ வீடு, மெல்லிய வெளிச்சம், கண்ணீர் வரவழைக்கும் பேச்சு. அது முடிந்த கையோடு ஒப்பந்தத்தில் விருப்ப வரிசையைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். நீங்கள் குறித்த எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அது உங்களைக் கட்டும். வேண்டாம் என்றால், அந்தக் கல்லூரியில் அந்த 26-இல் வேறு எதிலும் அடுத்த ஆண்டு ஆள்சேர்ப்பு வரை சேர முடியாது. ஆகவே மனமொப்பாத வீட்டைக் குறிக்காதீர்கள். அதே சமயம், இரண்டு வீட்டுக்குப் போய்விட்டு ஒன்றை மட்டும் குறித்தால் இடம் கிடைக்காமலே போகும் வாய்ப்பு கூடுகிறது. தீட்சை முடிந்துவிட்டால் அந்த 26-இல் வேறொன்றுக்கு ஆயுளுக்கும் மாற முடியாது. விலகுவதென்றால் அதற்கு முன்பே விலகுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்குப் பருவத்தின் நடுவே இடமுள்ள சாப்டர்கள் சத்தமில்லாமல் ஆள் சேர்ப்பதும் உண்டு. பெரிய வாரத்தின் பரபரப்பு இல்லாமல் மனிதர்களைப் பார்க்க அதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து.

ஃபிரட்டர்னிட்டியும் டிவைன் நைனும்

ஆண்களுக்கு நடப்பது இவ்வளவு இறுக்கமானதில்லை. ரஷ் என்ற வாரத்தில் பிடித்த வீடுகளுக்குப் போகலாம், ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்பும் வரலாம், மறுக்கலாம். அழைப்பை அங்கே பிட் என்பார்கள். அந்த இடத்திலேயே பதில் சொல்லச் சொன்னால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுக்கும் சாப்டரைப் பற்றி அதுவே போதிய தகவல். 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவைச் சாப்டர் வீடுகளில் வைக்கக்கூடாது என்று மேலே சொன்ன ஆண்கள் அமைப்பு 2018-இல் முடிவெடுத்தது. அது இங்கே நடைமுறையில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் இல்லை என்று பொருள்.

டிவைன் நைனில் ரஷ் கிடையாது. அவர்களுடைய தொண்டு நிகழ்ச்சிகளுக்கு மாதக்கணக்கில் போய், வரலாற்றைப் படித்து, அடக்கமாக ஆர்வம் தெரிவிக்க வேண்டும். ஆள் எடுக்கும் அறிவிப்பு திடீரென வரும். அப்போது மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதமும் தயாராக இருக்க வேண்டும். உறுப்பினராகும் முன் அவர்களுடைய நிறம், எழுத்து, கைச்சைகை எதையும் பயன்படுத்தாதீர்கள். பட்டம் முடித்தவர்களுக்கும் அங்கே வழி உண்டு, பட்டதாரிச் சாப்டர்கள் மூலமாக. சென்னைத் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908-இல் அதே ஹோவர்டில் தொடங்கியது.

ஹேசிங்

பிட் ஏற்றபின் சில வாரம் புதுமுகக் காலம். ஆபத்து இங்கேதான். "வெளியே சொல்லாதே", ஃபோனைப் பிடுங்கி வைப்பது, நள்ளிரவில் கூப்பிடுவது, மூத்தவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்வது, "விருப்பமிருந்தால்தான்" என்று சொல்லிவிட்டு மறுத்தவரை ஒதுக்குவது: இவையெல்லாம் ஆரம்பம். மூத்தவரையும் புதியவரையும் இணைக்கும் இரவில், ஒரு முழு பாட்டிலைக் கையில் கொடுத்து முடிக்கச் சொல்வதால் உயிர்கள் போயிருக்கின்றன. குடித்தவர் தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடாதீர்கள். வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 911-ஐ அழையுங்கள். உதவிக்கு அழைத்தவரைக் குடிக்கான தண்டனையிலிருந்து காக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கணக்கு. இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட் (பாட அலகு) எடுத்தாக வேண்டும். புதுமுகக் காலத்தின் தூக்கமின்மையில் ஒரு பாடத்தைக் கைவிட்டு 11-க்கோ 9-க்கோ இறங்கினால், முன் அனுமதி இல்லாத பட்சத்தில் விசா நிலையே பறிபோகும். குடித்து வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகலாம்.

தங்கும் வீடு இல்லாதவை

எல்லாருக்கும் வீடும் விருந்தும் தேவைப்படுவதில்லை. தொழில்சார் ஃபிரட்டர்னிட்டிகளில் ஆணும் பெண்ணும் சேரலாம்: வணிகத்துக்கு 1904-இல் தொடங்கிய ஆல்ஃபா காப்பா சை, பொறியியலுக்கு அதே ஆண்டின் தீட்டா டௌ. தொண்டுக்கு 1925-இல் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா. வேலைத் தேடலில் இவற்றின் தொடர்புகள் கைகொடுக்கும்.

படிப்பில் முந்தியவர்களுக்கான கௌரவச் சங்கங்கள் வேறு. 1776-இல் தொடங்கிய ஃபை பீட்டா காப்பா அழைத்தால்தான் சேர முடியும். பொறியியலில் டௌ பீட்டா பை, மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்கினரையும் நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கினரையும் கணக்கில் எடுக்கும். மின்னஞ்சலில் 'தேர்வாகிவிட்டீர்கள், கட்டணம் செலுத்துங்கள்' என்று வரும் முன்பின் தெரியாத சங்கத்தைப் பற்றி உங்கள் துறையில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படிப்பு முடிந்த பிறகு

பெரியவர்களுக்கான சகோதரச் சங்கங்களில் முதலில் தகுதியைப் பாருங்கள். 1868-இல் தொடங்கிய எல்க்ஸ், 21 வயதான அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். எச்-1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் சேர முடியாது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் கத்தோலிக்க ஆண்களுக்கானது. 1819-இல் பால்டிமோரில் வேரூன்றிய ஆட் ஃபெலோஸ் ஆண், பெண் இருவரையும் சேர்க்கிறது.

சடங்குகளும் ரகசியங்களும் கொண்ட பழைய சகோதரச் சங்கத்தினரான ஃப்ரீமேசன்களிடம் லாட்ஜ் என்றால் நாம் பழகிய தங்கும் விடுதி இல்லை, அவர்களுடைய உள்ளூர்க் கிளை. யாரும் வந்து அழைக்க மாட்டார்கள். நீங்கள்தான் ஓர் உறுப்பினரிடம் கேட்க வேண்டும். ஆணாகவும், ஒரு பரம்பொருளை நம்புகிறவராகவும் இருக்க வேண்டும். எந்த மதம் என்பது பொருட்டில்லை, உறுதிமொழியை உங்கள் புனித நூலின் மேலேயே எடுக்கலாம். மனுவில் உறுப்பினர்கள் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். பிறகு ஒரு குழு உங்கள் வீட்டுக்கு வந்து குடும்பத்தாரோடும் பேசும். வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் மூடிய பெட்டிக்குள் கைவிட்டு, ஏற்றால் வெள்ளைக் குண்டையும் மறுத்தால் கறுப்புக் கட்டையையும் போடுவார்கள். பல இடங்களில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் மனு தள்ளுபடி. அதனால் மனு கொடுக்கும் முன் சில மாதம் அவர்களுடைய பொது விருந்துகளுக்குப் போய் முகம் பழகுங்கள். முழு உறுப்பினராக ஏற வேண்டிய மூன்று படிநிலைகளையும் முடிக்கப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும், மனப்பாடப் பாடமும் உண்டு.

வாட்ஸ்அப்பில் வந்து ஃப்ரீமேசன் என்றோ இல்லுமினாட்டி என்றோ சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர் மோசடிக்காரர். உண்மையான லாட்ஜின் முகவரி, அந்த மாநிலத்தின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜின் இணையதளத்தில் இருக்கும். அங்கிருந்து தேடி நேரில் போங்கள்.