கட்டடத்தின் வயரிங்கைச் சோதிப்பது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அப்புறம் வயரிங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எர்த் வயர் அறுந்திருந்தாலும் விளக்கு எரியும், வாஷிங் மெஷின் ஓடும். மெஷினுக்குள் ஒரு பேஸ் வயர் தேய்ந்து இரும்பு உடம்பைத் தொடும் நாளில்தான் எர்த் இல்லாதது தெரியவரும், அதுவும் யாரோ ஒருவரின் கை வழியாக. உயிரைக் காக்கும் பாகங்கள் கெட்டுப்போனால் சத்தமே போடாது. நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

குடியிருப்புகளில் ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே 10 ஆண்டு வரை இடைவெளி விடலாம் என்கிறது ஐஇசி 60364-6 என்ற சர்வதேசத் தரம். உங்கள் நாட்டு விதி அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. குடியிருப்பவர் மாறும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 1: கண்ணும் மூக்கும்

இதை யாரும் செய்யலாம். பிளக் பாயின்ட்டில் பழுப்பேறிய கறை, கருகிய வாடை, தொட்டால் சூடாக இருக்கும் சுவிட்ச், சுவரில் ஈரம் ஊறும் இடத்தில் ஓடும் வயர், மூடியில்லாத ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்ற வேண்டாம். கறையும் சூடும் பெரும்பாலும் லூஸ் கனெக்ஷனின் அடையாளம். அந்த பாயின்ட்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

படி 2: டெஸ்ட் பட்டன்

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிதான் ஆர்சிசிபி. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் மாற்றியே தீர வேண்டும். ட்ரிப் ஆனதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தப் பட்டன் கருவியின் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் வயர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு மேல் வருபவை தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. நீங்கள் கற்றுக்கொள்பவர் என்றால் அவர் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

படி 3: மின்சாரம் இல்லை என்று உறுதி செய்தல்

மெயினை அணைத்துப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். இன்வெர்ட்டர், சோலார், ஜெனரேட்டர் இருந்தால் அவற்றையும் தனித்தனியாகத் துண்டியுங்கள். துண்டிக்காமல் விட்டால், மெயின் அணைந்தபின்னும் இன்வெர்ட்டர் லைனில் ஷாக் அடிக்கும். பிறகு, வோல்டேஜ் டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் சர்க்யூட்டைச் சோதியுங்கள். மறுபடியும் அந்த முதல் இடத்துக்கே போய் டெஸ்டரைப் பாருங்கள். நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால் "மின்சாரம் இல்லை" என்று அது சொன்னது பொய்யாகிவிடும். இந்த மூன்று தொடுதல்களில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

படி 4: எர்த் தொடர்ச்சி

டிபி பாக்ஸில் (மின்சாரம் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரியும் பெட்டி) எர்த் வயர்கள் சேரும் எர்த் பாரிலிருந்து ஒவ்வொரு பிளக் பாயின்ட்டின் எர்த் துளை வரை மின்தடையை அளக்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம். 20 மீட்டர் ஓட்டத்துக்கு 0.15 ஓம் அளவில் வரும். மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பாதீர்கள், ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். குறைந்தது 200 மில்லி ஆம்பியர் செலுத்தும் கருவி வேண்டும்.

படி 5: மெகர் சோதனை

வயரின் இன்சுலேஷன் வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் மெகர் சோதனை. விளக்குகள், உபகரணங்கள், டிம்மர், சர்ஜ் பாதுகாப்பான் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அளவு தவறாக வரும், எலெக்ட்ரானிக் பொருள்களும் கெடும். 230 வோல்ட் சர்க்யூட்டை 500 வோல்ட் டிசி கொடுத்துச் சோதிக்க வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளந்து பாருங்கள். குறைந்தபட்சம் 1 மெகா ஓம் இருக்க வேண்டும். ஆனால் நல்ல வயரிங் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். போன முறை 200 காட்டிய சர்க்யூட் இப்போது 2 காட்டினால் விதிப்படி தேறிவிட்டது, என் கணக்கில் தேறவில்லை. ஈரமோ, எலி கடித்த இடமோ எங்கோ இருக்கிறது.

படி 6: மின்சாரம் கொடுத்தபின்

சுவிட்ச் பேஸைத்தான் துண்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதே அளவு கசிவுக்கு 300 மில்லி செகண்டுக்குள் ட்ரிப் ஆக வேண்டும். கடைசியாக எர்த் லூப் அளவு, அதாவது பேஸ் வழியே போய் எர்த் வழியே திரும்பும் பாதையின் தடை: 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) உடனே விழ 160 ஆம்பியர் பாய வேண்டும். 230-ஐ 160-ஆல் வகுத்தால் 1.44 ஓம். சூடேறினால் வயரின் தடை கூடும் என்பதால் அளவு 1.15-க்குள் இருப்பது நல்லது.

எல்லா எண்களையும் சர்க்யூட் வாரியாகத் தேதியுடன் எழுதி, ஒரு நகலை டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பழுது பார்த்த சர்க்யூட்டை மட்டும் படி 3-லிருந்து மறுபடி சோதித்து, புது எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.