வெறும் தட்டு எங்கே?

ஜனவரி பிறந்தால் எங்கள் ஆய்வகத்துக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி வந்துபோகும் மாணவி ஒருத்தி, போன வாரம் பெட்ரி தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, பைலி இல்லாத பாக்டீரியாவும் டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்கிறது!" பைலி என்றால் பாக்டீரியாவின் மேல் மயிர்போல நீளும் புரத இழைகள். தட்டில் பதினோரு காலனிகள், அதாவது பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வார்த்தைகளை அதே பூரிப்போடு ஒருகாலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை பாக்டீரியா எடுத்துக்கொள்வதைச் சோதிக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே. கையுறை போடு, தட்டில் தேதி எழுது போன்ற புத்திமதிகளை விட்டுவிடுகிறேன்.

பைலியை உறிஞ்சுகுழல் என்று நினைப்பது

பாடப்புத்தகப் படம் செய்த வினை இது. இரண்டு பாக்டீரியாக்கள் இணைந்து பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தைக் கைமாற்றும்போது வேலை செய்யும் பைலி வேறு. வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் நான்காம் வகைப் பைலி வேறு. பின்னது தூண்டில் மாதிரி: நீளும், நுனியில் டி.என்.ஏ. சிக்கும், சுருங்கும். 2018-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அங்கூர் டாலியாவின் குழு, காலரா பாக்டீரியாவின் பைலியையும் டி.என்.ஏ.வையும் ஒளிரும் சாயத்தால் குறியிட்டு இந்த இழுப்பை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்துவிட்டது. வெளிச்சவ்வைத் தாண்டிக் கொண்டுவந்ததும் பைலியின் வேலை முடிந்தது. அதன்பின் வேறு புரதங்கள் பற்றிக்கொள்ள, இரண்டு இழைகளில் ஒன்று மட்டுமே உட்சவ்வைக் கடந்து செல்லுக்குள் போகிறது.

டி.என்.ஏ. சேர்க்காத தட்டை வைக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. என் பாக்டீரியா அசினெட்டோபாக்டர் பெய்லி. பைலிப் புரதத்தின் மரபணுவை நீக்கிய வகையோடு, ரிஃபாம்பிசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைக் கலந்து, ரிஃபாம்பிசின் தட்டில் பரப்பினேன். அந்த டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டவைதான் அதில் வளரும் என்பது என் கணக்கு. இயல்பான வகை தட்டை மூடி வளர்ந்திருந்தது. பைலி இல்லாததில் பத்துப் பன்னிரண்டு காலனிகள். பைலி இல்லாமலும் டி.என்.ஏ. நுழைய ஒரு மாற்றுவழி இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதைத் தேடி மூன்று மாதம் ஓடியது. கருத்தரங்குக்குச் சுவரொட்டிகூட அச்சடித்தாகிவிட்டது.

ஆய்வகத்துக்கு வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வெறும் தட்டு எங்கேம்மா?" என்றார். மறுநாள் டி.என்.ஏ. ஒரு சொட்டும் சேர்க்காமல் பரப்பினேன். ஒன்பது காலனிகள்.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே ரிஃபாம்பிசின் எதிர்ப்பு வந்துவிடும். ஏறத்தாழப் பத்துக் கோடி செல்லுக்கு ஒன்றில் அது தானாகவே நடக்கிறது. நூறு கோடி செல்லைத் தட்டில் கொட்டினால் பத்துக் காலனி இலவசம்! பைலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே வெறும் தட்டு கட்டாயம். கூடவே இன்னொன்று: டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியை முதலிலேயே சேர்த்த கலவை. அதிலும் அதே அளவு காலனி வந்தால், அவை நீங்கள் கொடுத்த டி.என்.ஏ.வால் வந்தவை அல்ல. நொதியின் விலையைச் சொல்லி இதைத் தவிர்ப்பவர்களிடம் அந்தச் சுவரொட்டியைக் காட்டுவேன். இன்குபேட்டருக்கு அடியில் விரிப்பாகக் கிடக்கிறது.

எல்லா பாக்டீரியாவும் எப்போதும் தயார் என்று நம்புவது

அசினெட்டோபாக்டர் அதிகம் பிகு செய்யாது. காலரா பாக்டீரியா அப்படியல்ல. கைட்டின் மேல் வளரும்போதுதான் டி.என்.ஏ.வை எடுக்கத் தயாராகிறது என்று 2005-இல் தெரியவந்தது. கைட்டின் என்றதும் ஏதோ அரிய ரசாயனம் என்று மிரள வேண்டாம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலடியில் நொறுங்கும் இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதுதான்.

கைட்டின் ஊடகத்தில் குளுக்கோஸ்

சேர்க்காதீர்கள். கைட்டின் எழுப்பிய அந்தத் தயார்நிலையை அது படுக்கவைத்துவிடும்.

வோர்டெக்ஸ்

வேண்டாம். அந்தக் கருவி குலுக்கும் வேகத்தில் பைலி முறியும்.